வீட்டுக் கணக்கைக் குழந்தை கையில் கொடுங்கள்: அடுப்படியிலிருந்து அணை வரை

பஸ்ஸில் போகும்போது "ஏழு எட்டு எவ்வளவு, சொல்லு பார்க்கலாம்" என்று கேட்பதை நிறையப் பேர் அன்றாட வாழ்க்கையில் கணக்கு சொல்லித் தருவதாக நினைத்துக்கொள்கிறார்கள். குழந்தைக்கு அது பரீட்சைதான். கேட்கிறவருக்கு விடை தெரியும், தெரிந்துகொண்டே கேட்கிறார் என்றால் சோதிக்கத்தான் கேட்கிறார் என்று ஆறு வயதுக் குழந்தைக்குக் கூடப் புரியும். அப்புறம் எங்கே ஆசை வரும்?

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க நான் ஒரே பேச்சைத்தான் பேசப்போகிறேன்: கேட்கிற கேள்விக்கு வீட்டில் யாருக்காவது உண்மையிலேயே விடை தேவைப்பட வேண்டும், குழந்தை சொல்கிற விடையை வைத்தே அந்தக் காரியம் நடக்க வேண்டும். கொங்குப் பக்கத்தில் இப்படிப்பட்ட கேள்விக்குப் பஞ்சமே கிடையாது. பால் சொசைட்டி அட்டை, சந்தைக் கூறு, முட்டை விலை, பனியன் கம்பெனி பீஸ் ரேட், வாய்க்கால் தண்ணீர், ஏலச்சீட்டு என்று நாம் காலையிலிருந்து ராத்திரி வரை கணக்கில்தான் கிடக்கிறோம். குழந்தையை மட்டும் "நீ போய்ப் படி" என்று அறைக்குள் அனுப்பிவிடுகிறோம்.

கீழே உள்ளவை ஐந்து வயது முதல் பதின்மூன்று வயது வரைக்கும் ஆகும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள், வீட்டில் எல்லோருக்கும் சலித்துவிடும்.

படி 1: முதலில் குத்துமதிப்பு, அப்புறம்தான் அளவு

எதை எண்ணுவதற்கு முன்னாலும், எதை நிறுப்பதற்கு முன்னாலும், "எவ்வளவு இருக்கும்னு தோணுது?" என்று ஒரு கேள்வி. வீட்டில் இருக்கிற எல்லோரும் ஆளுக்கொரு எண்ணைச் சொல்ல வேண்டும், நீங்களும் சேர்த்துத்தான். பிறகு அளந்து பாருங்கள். யார் கிட்டத்தில் வந்தார்கள் என்று பார்க்கிறபோது அப்பா சொன்னது தப்பாகப் போய் பாப்பா சொன்னது கிட்டத்தில் வந்தால், அதைவிட நல்ல பாடம் ஒன்றும் இல்லை.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவிடாதீர்கள். "எதை வெச்சுச் சொன்னே?" என்று கேளுங்கள். "கைப்பிடியில பத்துக் கடலைக்காய் வருது, இந்தப் படியில இருபது கைப்பிடி போகும்" என்று குழந்தை சொல்ல ஆரம்பித்துவிட்டால் பெருக்கல் தானாக உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். வாய்ப்பாடு அப்புறம் வரட்டும்.

வீட்டில் பழைய படி, உழக்கு, ஆழாக்கு பரணில் கிடந்தால் இறக்கிக் கழுவுங்கள். ஒரு படிக்கு நாலு உழக்கு, எட்டு ஆழாக்கு. மணலையோ ராகியையோ போட்டு நிரப்பிப் பார்த்தால் கால், அரைக்கால் எல்லாம் கையிலேயே தெரியும். அப்பாரு காலத்து வள்ளம் இருந்தால் அதற்கு எத்தனை படி பிடிக்கிறது என்று குழந்தையே அளந்து சொல்லட்டும், நீங்கள் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டாம்.

படி 2: உடம்பை அளவுகோலாக்குங்கள்

சத்தியமங்கலம் மல்லிகை வாங்கும்போது பூக்காரம்மா முழம் போடுவதைக் குழந்தை கவனிக்கட்டும். வீட்டுக்கு வந்து தன் கையால் அதே சரத்தை அளந்தால் முழம் கூடுதலாக வரும். ஏன் எச்சா வருது? பூ வளர்ந்துவிட்டதா? அளக்கிற கை சின்னதானால் எண்ணிக்கை பெரிதாகும் என்பதை ஆறு வயதில் இப்படிப் பிடித்துக்கொண்ட குழந்தைக்கு, மீட்டரைச் சென்டிமீட்டராக மாற்றும்போது பெருக்குவதா வகுப்பதா என்ற தடுமாற்றம் வெகுவாகக் குறையும்.

தன் கையில் இரண்டு சாண் ஒரு முழம் ஆகிறதா, தன் உயரம் எத்தனை சாண், நடையில் ஓர் எட்டு எத்தனை அங்குலம் என்று ஒருமுறை அளந்து நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் போதும், பிறகு டேப் இல்லாமலே வாசலை அளக்கலாம்.

படி 3: அடுப்படி

நம்ம வீட்டில் அவசரத்துக்கு என்ன செய்வோம்? அரிசிம்பருப்புச் சாதம்தான். விகிதம் சொல்லித்தர அதைவிட வசதியான சமையல் எனக்குத் தெரியவில்லை. நாலு பேருக்கு இரண்டு டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு, இரண்டும் சேர்ந்த அளவுக்கு மூன்று மடங்கு தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம் (குழைவாக வேண்டுமா உதிரியாக வேண்டுமா என்பதைப் பொறுத்து வீட்டுக்கு வீடு மாறும், சண்டைக்கு வரவேண்டாம்). மொத்தம் இரண்டரை டம்ளர், தண்ணீர் ஏழரை. திடீரென்று ஒரம்பரை இரண்டு பேர் வந்துவிட்டார்கள். இப்போது அளவைக் குழந்தையிடம் விட்டுவிட்டு நீங்கள் வெங்காயம் உரியுங்கள்.

"அமுச்சி, நாலு பேருக்கு அரை டம்ளர்னா ரெண்டு பேருக்குக் கால் டம்ளருங்க. ஆறு பேருக்கு அரையும் காலும் போடோணும்."

"முக்கால்னு சொல்லு கண்ணு. தண்ணி?"

"அரிசி மூணு, பருப்பு முக்கால்... மூணேமுக்காலை மூணு தடவ ஊத்தோணும்."

இந்த இடத்தில் பொறுமை வேண்டும். மூன்றே முக்காலை மூன்றால் பெருக்கு என்றால் முழிக்கிற குழந்தை, டம்ளரில் ஊற்றும்போது மூன்று மூன்றாக ஒன்பது ஊற்றிவிட்டு, மூன்று முக்கால் சேர்ந்தால் இரண்டேகால் என்று தானே கண்டுபிடிக்கும். பதினொன்றேகால் டம்ளர். கொஞ்சம் தப்பினாலும் சாதம் குழையும், அவ்வளவுதானே, சாப்பிட்டுக்கொள்ளலாம். யாரும் திட்ட வேண்டாம், "இன்னிக்குக் கொஞ்சம் தண்ணி தூக்கல்" என்றால் போதும்.

அப்புறம் இந்தக் கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: அரிசி ஒன்றரை மடங்கு ஆனது, பருப்பு ஒன்றரை மடங்கு ஆனது, உப்பும் ஆனது, குக்கர் விசிலும் ஒன்றரை மடங்காக வேண்டுமா? வேண்டாம். நாலு பேருக்கு மூன்று விசில் என்றால் எட்டுப் பேருக்கு ஆறு விசில் கிடையாது. எது கூடவே ஏறும், எது ஏறாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் விகிதக் கணக்கின் உயிரே. ஒரு சட்டை காய ஒரு மணி நேரமானால் ஐந்து சட்டை காய எவ்வளவு நேரம் என்று கேட்டு மடக்குகிற கேள்வி எல்லாம் இந்தக் குழந்தையிடம் எடுபடாது.

படி 4: சந்தை

ஊர்ச் சந்தைக்கு ஐம்பதோ நூறோ கையில் கொடுத்துக் குழந்தையையே வாங்கச் சொல்லுங்கள். நீங்கள் ஓரடி பின்னால் நில்லுங்கள், வாயைத் திறக்காதீர்கள். இதுதான் பெற்றோருக்குக் கஷ்டமான படி.

மீதிச் சில்லறையைச் சந்தைக்காரர்கள் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். அறுபத்து மூன்று ரூபாய்க்கு வாங்கி நூறு கொடுத்தால், அவர்கள் மனசுக்குள் கடன் வாங்கிக் கழிப்பதில்லை. அறுபத்து மூன்றிலிருந்து மேலே ஏறுவார்கள்: இரண்டு ரூபாய் வைத்தால் அறுபத்தைந்து, ஐந்து வைத்தால் எழுபது, முப்பது வைத்தால் நூறு. ஆக முப்பத்தேழு. கழித்தலைக் கூட்டலாக்கி எண்ணும் இந்த வழி பள்ளிக்கூடத்து வழியைவிட வேகமானது, தப்பும் குறைவு. குழந்தை இதைப் பிடித்துக்கொண்டால் தடுக்காதீர்கள். பள்ளியில் கேட்கிற முறையில் அங்கே எழுதட்டும், இரண்டு வழியிலும் ஒரே விடை வருகிறது என்று சரிபார்க்கப் பழகட்டும்.

கூறு கட்டி வைத்திருக்கிற தக்காளி நல்ல கேள்வி. கூறு இருபது ரூபாய், பக்கத்துக் கடையில் கிலோ முப்பது. எது மலிவு? கூறு முக்கால் கிலோ கூட இல்லையென்றால் கிலோ கடைதான் லாபம், ஏனென்றால் முப்பது ரூபாய் விலையில் இருபது ரூபாய்க்கு அறுநூற்று அறுபத்தாறு கிராம்தான்... இந்த வாக்கியத்தில் ஏதோ இடிக்கிறதா? இடிக்க வேண்டும். முக்கால் கிலோ என்று நான் வேண்டுமென்றேதான் போட்டேன். எல்லைக்கோடு அறுநூற்று அறுபத்தாறு கிராம்தான், கூறு அதற்கு மேலே இருந்தால் கூறே மலிவு. பெரிய பிள்ளைகளிடம் இப்படித் தப்பை நடுவில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், பிடித்துவிட்டால் அன்றைக்கு முழுக்கப் பெருமைதான்.

முட்டை அட்டையைத் திறந்தால் ஐந்துக்கு ஆறு, முப்பது குழி. நாமக்கல் விலை ஒரு முட்டைக்கு இவ்வளவு என்று தினம் செய்தியில் வரும். ஒரு முட்டை 5 ரூபாய் 40 காசு என்றால் அட்டை எவ்வளவு? ஐந்து முப்பது நூற்றைம்பது, நாற்பது காசு முப்பது பன்னிரண்டு ரூபாய், மொத்தம் 162. கடையில் கேட்கிற விலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எங்கே போகிறது என்று கடைக்காரரையே கேட்கட்டும். பெரும்பாலான கடைக்காரர்கள் குழந்தை கேட்டால் வண்டி வாடகை, உடைசல் என்று உட்கார வைத்துச் சொல்வார்கள்.

படி 5: கோலம் (இங்கே கொஞ்சம் நின்று போகலாம்)

மார்கழி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். தரையில் சாக்பீஸ் போதும்.

சின்னக் குழந்தைக்கு: ஊடுபுள்ளி, 4 புள்ளி 1 வரை. அதாவது நடுவில் நாலு, மேலும் கீழும் மூன்று, இரண்டு, ஒன்று. எண்ணினால் பதினாறு. தலையைச் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், வரிசைக்கு நாலாக நாலு வரிசை தெரியும். 5 புள்ளி 1 வரை வைத்தால் இருபத்தைந்து. எண்ணாமலே சொல்ல ஆரம்பித்துவிடும்.

எட்டு வயதுக்கு மேல்: ஊடுபுள்ளி, 7 புள்ளி 4 வரை. நாலு, ஐந்து, ஆறு, ஏழு, ஆறு, ஐந்து, நாலு. மொத்தம் 37. இதையே 5 புள்ளி 3 வரை வைத்தால் 19. 3 புள்ளி 2 வரை வைத்தால் 7. ஒற்றைப் புள்ளி 1. இப்போது 1, 7, 19, 37 என்று எழுதி, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு எச்சு என்று பார்க்கச் சொல்லுங்கள். 6, 12, 18. ஏன் ஆறு ஆறாக ஏறுகிறது என்பதைச் சொல்லாதீர்கள், நடுப்புள்ளியைச் சுற்றியுள்ள ஒவ்வொரு அடுக்குக்கும் வேறு வேறு கலர்ப் பொடி போடச் சொன்னால் ஆறு பக்கமும் பளிச்சென்று தெரியும். அடுத்தது 9 புள்ளி 5 வரை. புள்ளி வைக்காமலே எத்தனை வரும்? முப்பத்தேழோடு இருபத்து நாலு, அறுபத்து ஒன்று. வைத்துப் பார்த்துச் சரிபார்க்கட்டும்.

இன்னும் ஒரு படி. அதே எண்களைக் கூட்டிக்கொண்டே போங்கள்: 1, 8, 27, 64, 125. இவை கன எண்கள், 2×2×2, 3×3×3 என்று. தரையில் தட்டையாகக் கிடக்கிற புள்ளிக்கும் கன சதுரத்துக்கும் என்ன உறவு? வீட்டில் ரூபிக்ஸ் க்யூப் இருந்தால் எடுத்து ஒரு மூலை மூக்குக்கு நேராக வரும்படி பிடித்துப் பாருங்கள். மூன்று முகமும் தெரியும், தெரிகிற சின்னக் கட்டிகள் மொத்தம் 19, வெளி உருவம் அறுகோணம். அப்படியே 5 புள்ளிக் கோலம். மறைந்திருப்பது இரண்டுக்கு இரண்டுக்கு இரண்டு, எட்டுக் கட்டி. இதைப் பார்த்துப் பெரியவர்களே வாயைப் பிளப்பார்கள்.

ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்தது நம்ம ஈரோட்டில்தான், அம்மா வீட்டில். வளர்ந்தது கும்பகோணம். அவர் பேரோடு ஒட்டிக்கொண்ட 1729 என்ற எண்ணைக் குழந்தைக்குச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடையாது, கன எண்கள் இப்போதுதான் கையில் இருக்கின்றனவே: 12 இன் கனமும் 1 இன் கனமும் சேர்ந்தாலும் 1729, 10 இன் கனமும் 9 இன் கனமும் சேர்ந்தாலும் 1729. "மேதை, மேதை" என்று சொல்லிப் பயமுறுத்துவதைவிட இது நல்லது.

சிக்குக் கோலம் போடத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் இதையும் செய்யலாம். நேர்ப்புள்ளியில் நீள்சதுரமாகப் புள்ளி வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் கோடுகள் குறுக்கே வெட்டிக்கொண்டு போய், ஓரத்தில் மட்டும் வளைந்து திரும்புகிற மாதிரி பாய் பின்னலாகப் போடுங்கள். 3 புள்ளி 5 வரிசை என்றால் கையை எடுக்காமல் ஒரே கோட்டில் முடியும். 4 புள்ளி 6 வரிசை என்றால் இரண்டு தனித்தனிக் கோடு வரும். 3க்கு 6 என்றால் மூன்று. பள்ளியில் மீப்பெரு பொது வகுத்தி என்று எழுதிப் போடுகிறார்களே, அதேதான் இது.

படி 6: தாயம்

தாயக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: 0, 1, 2, 3. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. நாலுக்கு நாலு, பதினாறு விதமாக விழலாம். அவற்றில் தாயம் (ஒன்று) விழுவது இரண்டு விதம், மூன்று விழுவது நாலு விதம், ஆறும் பன்னிரண்டும் ஒவ்வொரு விதம்தான். ஆக எட்டு வீச்சுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் தாயம் விழும். "எனக்கு மட்டும் தாயமே விழமாட்டேங்குது" என்று அழுகிற பிள்ளையை நூறு தடவை உருட்டிக் குறிக்கச் சொல்லுங்கள், கோபமும் குறையும், நிகழ்தகவும் புரியும். புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து ஆடுகிற வீடானால் இன்னும் சுவாரஸ்யம், ஏனென்றால் அது இரண்டு பக்கமும் சமமாக விழும் என்று சொல்ல முடியாது, எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

படி 7: தோட்டம், கிணறு, அணை

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, ஏறக்குறைய 21 அடிக்கு 21 அடி. கயிறு பிடித்து வாசலில் ஒரு சென்ட்டை அடையாளம் போடுங்கள். இது தெரிந்தால் "அஞ்சு சென்ட் எடம்" என்று பெரியவர்கள் பேசும்போது குழந்தைக்குக் கண்முன்னே ஓர் இடம் தெரியும். நூறு சென்ட் ஓர் ஏக்கர், 43,560 சதுர அடி. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை வைக்கிறவர்கள் 25 அடிக்கு ஒன்று என்று வைத்தால் ஒரு மரத்துக்கு 625 சதுர அடி, ஏக்கருக்குச் சுமார் 70 மரம். 27 அடிக்கு ஒன்று என்றால்? சுமார் 60 தான். இரண்டே அடி தள்ளி வைத்ததில் பத்து மரம் எங்கே போனது என்று குழந்தை கேட்கும், கேட்க வேண்டும்.

அந்தத் தென்னையின் உயரத்தை ஏறாமலே அளக்கலாம். வெயிலில் குழந்தையின் நிழலையும் மரத்தின் நிழலையும் ஒரே நேரத்தில் அளங்கள். 120 செ.மீ. குழந்தைக்கு 80 செ.மீ. நிழல் என்றால், உயரம் நிழலைப் போல ஒன்றரை மடங்கு. மரத்தின் நிழல் 12 மீட்டர் என்றால் மரம் 18 மீட்டர். தரை சமமாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

கிணற்றின் ஆழம்: குடிதண்ணீர்க் கிணறாக இருக்கக் கூடாது, கைப்பிடிச் சுவர் இருக்க வேண்டும், கல்லைப் போடுவது நீங்களாக இருக்க வேண்டும். குழந்தை செல்போனில் நேரம் பார்க்கட்டும். தோராயமாக, நொடியை நொடியால் பெருக்கி 16 ஆல் பெருக்கினால் தண்ணீர் மட்டம் எத்தனை அடியில் என்று வரும். ஒரு நொடி 16 அடி, இரண்டு நொடி 64 அடி, இரண்டரை நொடி 100 அடி. நேரம் இரட்டிப்பானால் ஆழம் நாலு மடங்கு ஆகிறது.

கீழ்பவானிப் பாசனப் பக்கம் இருக்கிறவர்கள் பவானிசாகர் நீர்மட்டத்தை எப்படியும் தினம் பார்ப்பார்கள். மழைக்காலத்தில் குழந்தையை அதைக் கட்டம் போட்ட தாளில் குறிக்கச் சொல்லுங்கள். அணையின் முழு மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி. நொடிக்கு 5,000 கன அடி வந்து 2,300 கன அடி வெளியே போனால் நிற்பது 2,700. நாளுக்கு 86,400 நொடி, ஆக ஒரு நாளில் சேர்வது சுமார் 23 கோடி கன அடி, கால் டிஎம்சிக்குக் கொஞ்சம் கீழே. பாதி உயரம் நிறைந்தால் பாதித் தண்ணீர் இருக்குமா என்று கேளுங்கள். இருக்காது. பள்ளத்தாக்கு அடியில் குறுகி மேலே போகப் போக விரிவதால், மேலே ஏறுகிற ஒவ்வோர் அடிக்கும் கீழே இருந்ததைவிட அதிகத் தண்ணீர் பிடிக்கும். வாயகன்ற வட்டிலில் தண்ணீர் ஊற்றி, டம்ளர் டம்ளராக மட்டத்தைக் குறித்தால் இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

படி 8: செய்யக் கூடாதவை

ஒரம்பரை முன்னால் கேட்காதீர்கள். "எனக்கும் கணக்கு வராது, இவனுக்கும் அப்படித்தான்" என்று சிரித்துக்கொண்டுகூடச் சொல்லாதீர்கள், குழந்தை அதைச் சொத்துப் பத்திரம் மாதிரி பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளும். தப்பு விடை வந்தால் உடனே திருத்தாமல் "எப்படிப் போட்டே?" என்று கேளுங்கள், பாதி நேரம் சொல்லும்போதே தானே திருத்திக்கொள்ளும். சரியான விடைக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள், இல்லையென்றால் கேட்டாலே தப்பு என்று நினைத்துக்கொள்ளும். குழந்தைக்கு அன்றைக்கு மனசில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

படி 9: பெரிய பிள்ளைகளுக்குப் பணக் கணக்கு

ஏழாவது, எட்டாவது வந்துவிட்டால் வீட்டு வரவு செலவைக் காட்டலாம். பால் சொசைட்டி அட்டையை அவர்களே கூட்டி, சராசரி போட்டு, கொழுப்பு ஏறும்போது விலை எப்படி ஏறுகிறது என்று பார்க்கட்டும். கரண்ட் பில் இன்னொன்று: இரண்டு மாதத்துக்கு முதலில் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், அதற்கு மேலே படிப்படியாக விலை மாறும், 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

ஆனால் உண்மையில் சத்து இருப்பது ஏலச்சீட்டில். இருபது பேர், ஆளுக்கு மாதம் 5,000, மொத்தம் ஒரு லட்சம். ஒருவர் 18,000 தள்ளி 82,000 க்கு எடுக்கிறார். நடத்துகிறவர் கமிஷனை இப்போதைக்கு விட்டுவிட்டால், அந்தப் பதினெட்டாயிரம் இருபது பேருக்கும் ஆளுக்கு 900 ஆகப் பிரிகிறது, அந்த மாதம் ஒவ்வொருவரும் கட்டுவது 4,100. ஒவ்வொரு மாதத் தள்ளுபடியையும் எழுதிவைத்து, முதல் மாதம் எடுத்தவர் மொத்தம் எவ்வளவு கட்டினார், கடைசி மாதம் எடுத்தவர் எவ்வளவு கட்டி எவ்வளவு வாங்கினார் என்று பிள்ளை ஒப்பிடட்டும். வட்டி என்ற சொல்லை நீங்கள் உச்சரிக்காமலே அது வட்டிக்கு வந்து சேரும். "அப்ப நாம எதுக்குங்ப்பா மூணாவது மாசமே எடுத்தோம்?" என்ற கேள்வியும் வரும். மோட்டார் ரிப்பேரோ, அக்கா காலேஜ் ஃபீஸோ, எதுவாக இருந்ததோ அதைச் சொல்லுங்கள், எவ்வளவு கூடக் கட்டினோம் என்பதை அவர்களே கணக்குப் போட்டு உங்களிடம் சொல்வார்கள்.